பயறு வயலில் ஒரு மறைப்பு

என் கணவருக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியும் என்பதை, மகள் வளர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். அதுவரை தூங்கும்போது மட்டும்தான் அவர் பேசாமல் இருப்பார் என்று நினைத்திருந்தேன். பர்மாவில், லான்மடா என்கிற பேட்டையில் எங்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் கொசுவலையும் விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தார்ப்பாயை அளந்து வெட்டிக் கொடுப்பது நான். நான் வெட்டி முடிப்பதற்குள் அவர்களுடைய சொந்த ஊர், சம்பந்தி வீடு, முழங்கால் வலி எல்லாவற்றையும் விசாரித்து முடிப்பது அவர். அப்படிப்பட்ட மனிதர், ஆற்றைத் தாண்டி த்வாண்டேப் பக்கம் ஒரு பயறு வயலில், நான் தைத்த மறைப்புக்குள், என் தோளோடு தோள் உரச உட்கார்ந்து மூச்சைக்கூட அளந்து விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. ஆனாலும் அவை நன்றாகத்தான் இருந்தன. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் அங்கே போனது ஒரு மானைப் பார்க்க. அந்த மானின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்குப் பதினெட்டு வயதில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். தாழ்வாரத்தில் நின்றுகொண்டே மாரியம்மனிடம் பேரம் பேசினேன். இவளை எனக்கு விட்டுவிடு, உனக்காக நான் ஓர் உயிரை விட்டுவிடுகிறேன் என்றேன். இந்த ஊரில் அது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நோய் தீர்ந்தால், கண்டம் தப்பினால், சாகப்போகிற ஓர் உயிரை விலைக்கு வாங்கி விடுதலை செய்வார்கள். ஜீவித தானம் என்று பெயர். மீனை ஆற்றில் விடுவார்கள், குருவியைப் பறக்க விடுவார்கள், வசதியுள்ளவர்கள் மாட்டை வாங்கி மடத்தில் விடுவார்கள். கோயிலுக்கும் பகோடாவுக்கும் ஒரே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற குடும்பம் எங்களுடையது. அதனால் வேண்டுதல் அம்மனிடமும் தானம் பர்மாக்காரர் முறைப்படியும் இருப்பதில் எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை.

அவள் பிழைத்து எழுந்து நடந்ததும், த்வாண்டே கால்வாயில் மீன் விடலாம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். வழியில் ஒருவன் மூங்கில் கூடையில் எதையோ கட்டிவைத்து விற்றுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் மான்குட்டி. நாணல் காட்டில் இருக்குமே, குட்டைக் காலும் பருத்த உடம்புமாய், பன்றி மான் என்பார்கள், அந்தச் சாதி. கால்களைக் கட்டியிருந்தான். இறைச்சிக்குத்தான். கத்திரிக்காய்க்குக்கூட பேரம் பேசுகிற நான் அன்றைக்குப் பேரம் பேசவில்லை.

அவ்வளவு சின்னதை அப்படியே விட்டால் நாய் தின்றுவிடும். களத்தில் விரிக்க எங்கள் கடையில் தார்ப்பாய் வாங்குகிற விவசாயி ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். ஊலே என்று கூப்பிடுவோம்; சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மாட்டுக் கொட்டகையில் குட்டியை வளர்த்தோம். வாரா வாரம் போய்ப் புட்டியில் பால் கொடுத்தேன். அது வளர்ந்ததும், ஒரு பிக்குவை அழைத்துப் பரித்தம் என்கிற காப்பு மந்திரம் ஓதச் சொல்லி, மகள் தன் கையாலேயே தண்ணீரைத் தாரை வார்க்க, ஊலேயின் வயலை ஒட்டிய நாணல் புதருக்குள் விட்டோம். சிரித்தாலும் சிரித்துக்கொள்ளுங்கள், அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த மானின் மூச்சு ஓடுகிறவரை என் மகளின் மூச்சும் ஓடும். இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கு மட்டும் தெரியும்.

விட்ட பிறகும் மான் என்னை மறக்கவில்லை. வயலோரம் நின்று, "வாம்மா, வா வா வா" என்றால் போதும், நாணலை விலக்கிக்கொண்டு வந்து நிற்கும். பெற்ற மகள் நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்கிறவள். மானுக்குத்தான் வீட்டில் சுத்தமான தமிழ் தெரியும் என்று அவளைக் கிண்டல் செய்வேன். "அமே!" என்று, அம்மா என்று, அதற்கும் பர்மியத்தில்தான் கோபித்துக்கொள்வாள். அந்த வயல்வெளியில் வேறு யாரும் தமிழ் பேசுவதில்லை. அதனால் அந்த அழைப்பு எனக்கும் மானுக்கும் மட்டும் சொந்தமாக இருந்தது.

வருஷம் ஆக ஆக அது காட்டு மானாகிவிட்டது. என் குரலுக்கு நாணலின் ஓரம்வரை வரும், பக்கத்தில் இவர் நிற்பதைப் பார்த்தால் திரும்பிவிடும். மகள் சிங்கப்பூர் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. ஒருநாள் இவர் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "இங்க பாரு புள்ள, வெட்ட வெளியில ஒளிஞ்சு உக்காந்து மான் பாக்குறதுக்குன்னே கூடாரம் இருக்கு. நீ தச்சுக் குடு. நானும் ஒருதரம் அதைக் கிட்டத்துல பாத்துடறேன்" என்றார். எனக்கு அந்த ஆசை பிடித்திருந்தது. நம் மானைப் பார்க்க இவருக்கும் ஆசையிருக்கிறதே என்று உள்ளூரப் பூரித்துக்கூடப் போனேன்.

கடையில் கிடந்த காக்கித் தார்ப்பாயில், மின்சாரம் வருகிற நேரமாகப் பார்த்துத் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். மறைப்பு தைப்பது கொசுவலை தைக்கிற வேலையில்லை. உள்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருந்து வருகிற வெளிச்சத்தில் உள்ளே இருப்பவரின் தலை நிழலாகத் தெரிந்துவிடும். அதே காரணத்துக்காக ஜன்னலும் ஒரு பக்கம் மட்டும்தான். கண்ணுக்கு மட்டத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல். உள்ளே போகிறவர்களும் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும்.

வயலில் அதை வைக்க ஒரு மரமோ புதரோ கிடையாது. நெல் அறுத்த தாளடியில் பயறு விதைத்து முளை விட்டிருந்தது. நாலு பக்கமும் தட்டை. அங்கே புதிதாக ஒரு கூடாரம் நின்றால் மான் அந்தத் திசைக்கே வராது. ஊலேதான் வழி சொன்னார். அந்த வயல்களில் வைக்கோல் போர் நிற்பது வழக்கம், மானுக்கும் அது பழகியது. மூங்கில் சட்டத்தில் தார்ப்பாயைக் கட்டி, மேலே வைக்கோலைச் சொருகிச் சொருகி, போர் போலவே ஆக்கினோம். குளிர்காலத்தில் காற்று வடக்கிலிருந்து வரும். நாணல் வடக்கே இருந்ததால் மறைப்பைத் தெற்கே நிறுத்தினோம், எங்கள் வாசனை அதற்குப் போகாது. உடனே உள்ளே போய் உட்காரவும் இல்லை. மானுக்குப் பழகட்டும் என்று சில வாரம் சும்மா விட்டுவைத்தோம். எதிரே ஒரு மண்சட்டியில் கல்லுப்பு வைத்திருந்தேன். உப்பு குறைய ஆரம்பித்த பிறகுதான் உள்ளே போனோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்கிற பொழுதில் நான் மெல்ல, "வாம்மா, வா வா வா" என்றேன். நாணல் அசைந்தது. தலை வெளியே வந்தது. பயற்றுமுளையைக் கடித்துக்கொண்டே, நின்று நின்று, சட்டிவரை வந்து உப்பை நக்கியது. எட்டிக் கையை நீட்டினால் தொடலாம் போல் இருந்தது. காதுக்குள் இருக்கிற வெள்ளை மயிர் தெரிந்தது. இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் அப்படி என் கையைப் பிடித்ததில்லை. மான் போன பிறகு, "அழகா இருக்கு புள்ள" என்றார்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். ஒருமுறை போனை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "கூப்பிடு, மகளுக்கு அனுப்பலாம்" என்றார். கூப்பிட்டேன். என் குரலும் மான் வருவதும் அழகாகப் பதிவாகியிருந்தன. மகள் பார்த்துவிட்டு அழுததாகச் சொன்னாள். ஓயாமல் பேசுகிற மனிதருக்குள்ளே இப்படி ஒருவர் இருந்திருக்கிறாரே என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவரைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

எங்களுக்குத் தார்ப்பாய் இறக்கித் தருகிற கிடங்கு முதலாளி ஒருவர் உண்டு. பர்மாக்காரர், பெரிய கை. அவர் எங்கள் கடை வாசலில் கார் நிறுத்தினால் இவருக்குத் தலைகால் புரியாது. அவர் இவரை, "அக்கோ" என்று, அண்ணன் என்று, ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சுதான். அந்த முதலாளிக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு என்பதும் எனக்குத் தெரியும். துப்பாக்கி மாதிரியான கட்டையில் குறுக்கே படுக்கவைத்த வில் ஒன்று வைத்திருந்தார். இந்தக் காலத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பட்டாளத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள், வில்லுக்குச் சத்தமில்லை. செத்த பன்றியோடு நிற்கிற படத்தை அவர் போனில் காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர், "ஆகா, ஆகா" என்றார். அந்த ஆகாவை நான் வெறும் முகஸ்துதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். அந்த வாரம் புதன்கிழமைதான் லைங் தாயாவில் ஒரு தொழிற்சாலைக் கூரைக்குத் தார்ப்பாய் அளக்கப் போகிறேன் என்று பகல் முழுக்க அலைந்திருந்தார். அந்தக் களைப்பு என்று நினைத்து, தைலம் தேய்த்துவிட்டு நான் மட்டும் கிளம்பிப் போனேன்.

மறைப்புக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஜன்னல். இரண்டு விரல் அகலத்துக்கு நான் மடித்துத் தைத்த கீறலை யாரோ கத்தியால் இரண்டு பக்கமும் இழுத்து, ஒரு முழத்துக்குக் கிழித்திருந்தார்கள். தரையில் வெற்றிலைச் சாறு துப்பியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வெற்றிலைப் பழக்கம் கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். உப்புச்சட்டி உடைந்து கிடந்தது.

வாய்க்கால் பக்கமிருந்து ஊலே வந்தார். முகத்தில் ஒரு சின்ன வருத்தம்.

"என்ன தமீ, இந்த ஊலேயை மறந்துட்டியா? புதன்கிழமை வந்தே, வீட்டுப்பக்கம் எட்டிக்கூடப் பாக்காம போயிட்டே." தமீ என்றால் மகள். அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நான் புதன்கிழமை கடையில இருந்தேன், ஊலே."

"விளையாடாதே. நான் அந்தக் கோடியில தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தேன். வைக்கோல் போருக்குள்ள இருந்து நீ மானைக் கூப்பிட்டே. அந்த பாஷையில இங்க வேற யாரு கூப்பிடப் போறாங்க? உனக்குக் கொடுக்கலாம்னு வீட்டுக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். வந்து பாத்தா ஒரு கார் போகுது. உன் வீட்டுக்காரர் முன்னாடி உக்காந்திருந்தார், கையைக் காட்டினேன், பாக்கல. நீ பின்னாடி இருந்திருப்பேன்னு நினைச்சேன்."

கிழிந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணால் பார்க்க இரண்டு விரல் போதும். குறுக்கே படுக்கவைத்த வில்லை நீட்டத்தான் ஒரு முழம் வேண்டும்.

படகில் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கூடவே சிங்கப்பூருக்குப் போன் போட்டு மகளிடம், "சாப்பிட்டியா? உடம்பு நல்லாயிருக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

வீட்டில் இவர் தலைவலி தீர்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"என் குரலைப் போட்டா மானைக் கூப்பிட்டீங்க?"

மனிதர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குக்கூட நேரமில்லாமல் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இல்ல புள்ள... டீக்கடையில ஏதோ பேச்சுல, என் வீட்டுக்காரி கூப்பிட்டா காட்டு மான் வரும்னு சொல்லிட்டேன். அவரு விடல. கூட்டிட்டுப் போ அக்கோன்னு நச்சரிச்சாரு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"வாயால சொல்றது. ஊரு கதையெல்லாம் பேசுற வாய்தானே?"

"உன்னைக் கூப்பிட்டா நீ ஒத்துக்க மாட்டே. அதான் அந்த வீடியோ..." என்று இழுத்தார். பிறகு அவசரமாக, "ஆனா மானுக்கு ஒண்ணும் ஆகல. சத்தியமா. அம்பு தொடையை உரசிட்டுப் போயிடுச்சு. அது பாட்டுக்கு ஓடிடுச்சு" என்றார்.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது எதற்காக விட்ட உயிர் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே என்னைத் தைக்கவைத்து, என்னைக் கூப்பிடவைத்து, என் குரலை எடுத்துக்கொண்டுபோய் அதன் எதிரில் வைத்திருக்கிறார். ஒரு பணக்காரன் அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்பதற்காக. பகையாளி செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் செய்ததற்கு என்ன வார்த்தை இருக்கிறது?

"அந்த வீடியோவை அழிங்க" என்றேன்.

உடனே போனை எடுத்து என் கண் முன்னால் அழித்தார். அழித்துவிட்டும் தலை நிமிரவில்லை. "என் போன்ல சத்தம் போதலன்னு, அவரு போனுக்கு அனுப்பிட்டேன்" என்றார். "அதுலதான் போட்டாங்க."

அதையும் அழிக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். கேட்கிறேன் என்றார். அந்த மனிதரிடம் போய் அழித்துவிடுங்கள் என்று சொல்கிற முதுகெலும்பு இவருக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலுக்குக் கிளம்பினேன். மான் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இவர், "நானும் வரேன், நீயே பாத்துக்க" என்று கூடவே வந்தார். போனதும் முதல் வேலையாக மறைப்பைப் பிரித்தேன். மூங்கிலை ஊலே எடுத்துக்கொண்டார். தார்ப்பாயை எரிக்கச் சொன்னேன். நல்ல தார்ப்பாய் தமீ, கொட்டகைக்கு ஆகுமே என்றார். சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இவரைச் சாலையோரத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, பயற்றுச் செடிகளுக்கு நடுவே நான் மட்டும் போய் நின்றேன். மறைக்க ஒன்றுமில்லாத வெளி. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் நான் தெரிவேன்.

"வாம்மா, வா வா வா."

ஒன்றும் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். நாணலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு உடம்பும் தெரிந்தது. பின்தொடையில் நீளமாக ஒரு காய்ந்த புண். உயிரோடு இருந்தது! அம்மா தாயே என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினேன். கண்ணீர் வந்து மறைத்ததில் அதை ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியவில்லை.

அது என்னையே பார்த்தது. காது இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தன. பழக்கம் ஒரு காலை முன்னால் வைக்கச் சொல்லியது போலும், வைத்தது. நான் சந்தோஷத்தில் மறுபடி, "வாம்மா" என்றேன். அவ்வளவுதான். சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம் போட்டது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அது அந்தச் சத்தம் போட்டதில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, புண்பட்ட காலை இழுத்து, நாணலை முட்டி நொறுக்கிக்கொண்டு ஓடியது.

இவர் சாலையிலிருந்து பயற்றை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். "பாத்தியா? உசிரோடதானே இருக்கு! நான் சொன்னேன்ல? எதுக்கு அழுவுற?" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மானுக்கு என்ன தெரியும்? வைக்கோல் போருக்குள் இருந்தது யார் என்று அதற்குத் தெரியாது. ஆசையாய்க் கூப்பிட்ட குரலை நம்பி வந்தது, அம்பு பட்டது. அதைப் பொறுத்தவரை எய்தவள் நான்தான். நான் இல்லையம்மா என்று அதனிடம் சொல்ல வேண்டுமானால் அதற்கும் நான் வாயைத் திறக்க வேண்டும்.

நாணல் இன்னும் பக்கத்திலேயே அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்று திரும்பிப் பார்க்கிறது என்று புரிந்தது. என் குரல் அந்த முதலாளியின் போனில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த புதன்கிழமையோ அதற்கடுத்த புதன்கிழமையோ அவர் மறுபடி அதைப் போட வருவார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "வாம்மா, வா வா வா" என்று கத்தினேன். நாணல் இன்னும் தூரத்தில் நொறுங்கியது. நொறுங்குகிற சத்தம் நிற்கிறவரை கூப்பிட்டேன். நின்ற இடத்திலிருந்தும் ஓடட்டும் என்று மறுபடி கூப்பிட்டேன்.